பூச்சி புகாத குடில்

"பூச்சி!" என்று ஆன்றோ போட்ட கூச்சலில், கீழே கம்பி எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் தராசை விட்டுவிட்டு மாடியைப் பார்த்தார்கள்.

பாம்பைக் கண்டவன்கூட அப்படிக் கத்த மாட்டான். ஆனால் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில், அப்பாவின் கடை மொட்டைமாடியில் பசுமைக்குடில் கட்டி, மண்ணே இல்லாமல் தண்ணீர்க் குழாயில் கீரை வளர்த்து, "இந்த வலைக்குள்ள நுழைய எந்தப் பூச்சிக்கும் விசா கிடையாது" என்று கண்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த ஒருவனுக்கு, இலைக்கு அடியில் ஒரு பூச்சி என்பது பாம்பைவிடப் பெரிய சமாசாரம்தான்.

ஊரில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தான். வந்ததும் வராததுமாக வெள்ளைக் கோட்டை மாட்டி, வாசலில் வைத்திருந்த மருந்துத் தண்ணீர்த் தட்டில் காலை நனைத்து, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடியோடு ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் மாதிரி வரிசை வரிசையாகச் செடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். இத்தாலித் துளசி வரிசைக்கு வந்ததும்தான் அந்தக் கூச்சல்.

அரிசி நீளத்துக்கு ஒரு ஜந்து. உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சுத் திரி தொங்கிற்று. தன் வீடு மாதிரி தண்டில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துச் செடியில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இரண்டு.

"ராஜாத்தி!"

ராஜாத்தி வியாசர்பாடியிலிருந்து வந்து குடிலில் வேலை பார்ப்பவள். நாற்று வைப்பது, அறுப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் அவள்தான். ஆன்றோவின் வேலை அதை மற்றவர்களுக்கு விளக்குவது.

"இன்னா சார், ஊர்லேர்ந்து வந்த ஒடனே கத்திகினு கீற?"

"இது என்ன?"

அவள் குனிந்து பார்த்தாள். "பூச்சி."

"பூச்சின்னு எனக்குத் தெரியாதா? உள்ள எப்படி வந்துச்சு? நான் இல்லாதப்ப யாராவது உள்ள வந்தாங்களா? நீ யாரையாவது விட்டது தெரிஞ்சுது, அன்னிக்கே நீ வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

வாயைத் திறந்த ராஜாத்தி மூடிக்கொண்டாள். பிறகு, "ஈ காக்கா வர்ல சார்" என்றாள்.

"ஈயும் வரலை, காக்காவும் வரலை, பூச்சி மட்டும் எப்படி வந்துச்சு? உன் தலையில என்ன?"

"கனகாம்பரம்."

"அதான்! பூவுல ஏறி வந்திருக்கு. நாளையிலேர்ந்து பூ கிடையாது. தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி போட்டுட்டுதான் உள்ள வரணும். மஞ்சள் சேலை கட்டக் கூடாது, மஞ்சளுக்குப் பூச்சி வரும்."

"எங்க வூட்டுக்காரு கட்டுன தாலிக்கயிறு மஞ்சா சார். அத இன்னா பண்றது?"

ஆன்றோ அடுத்த செடியின் இலையைப் புரட்டினான். அறிவியல் பேசும்போது குறுக்கே பேசுகிறவர்களுக்கு அவன் பதில் சொல்வதில்லை.

அந்த அறிவியல் அவனுக்கு ஓசூரில் வந்தது. இன்ஜினியரிங் முடித்து, அப்பாவின் கடையில் கொஞ்ச காலம் கம்பி விற்று, கை துருப்பிடிப்பதாக நொந்துகொண்டிருந்தவன், அங்கே குடில் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியின் பயிற்சி வகுப்புக்குப் போனான். போனவன் போன மாதிரி திரும்பவில்லை. "மண்ணுங்கறதே ஒரு வியாதிப்பா" என்று சொல்லிக்கொண்டு திரும்பினான். அன்றிலிருந்து தெருவில் கீரை விற்பவர்களைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டான். அம்மா தண்டுக்கீரை கடைந்து வைத்தால், "சாக்கடைத் தண்ணி" என்று தட்டைத் தள்ளினான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறவர்களை வழிமறித்து வேர் நோயைப் பற்றிச் சொன்னான். சபையில் பலர் பின் வாசல் வழியாகப் போகப் பழகிக்கொண்டார்கள்.

அப்பா தங்கப்பாண்டி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது ஒரே நிபந்தனையில்தான்.

"கிறிஸ்மஸுக்குள்ள ஒன் இலையத் தொடர்ந்து வாங்குததுக்கு ஒரு நல்ல ஆளப் பிடிச்சுக் காட்டு. இல்லன்னா கூண்டப் பிரிச்சுட்டு மாடில கம்பி அடுக்கிருவேன்."

அந்த நல்ல ஆள் கிடைத்தும்விட்டார். நகரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றுக்குக் காய்கறி எடுக்கும் நோயல் என்பவர், அடுத்த வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். துளி விஷ மருந்து அடித்திருந்தாலும் தொடமாட்டார். பூச்சி இருந்தாலும் தொடமாட்டார்.

இந்த நேரத்தில்தான் வெள்ளைப் பஞ்சு.

ஆன்றோ பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தான். கடைசியில் நிமிர்ந்து, கண்டுபிடிப்பாளர்களுக்கே உரிய குரலில் சொன்னான்:

"மாவுப்பூச்சி. ஆனா நம்ம ஊர் மாவுப்பூச்சி இல்ல. நம்ம ஊரு சின்னதா இருக்கும், இடத்தை விட்டு நகராது. இது பெருசு. ஓடுது. எண்ணூர்ல கன்டெய்னர்ல வந்து இறங்கியிருக்கு."

"சைனாவா சார்?"

"பிரேசில்."

எதை வைத்துப் பிரேசில் என்றான் என்று கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது. ஆனால் அப்படிச் சொன்னதும் அவன் முகத்தில் இருந்த பயத்தில் பாதி போய், கொஞ்சம் பெருமை வந்து உட்கார்ந்தது. சாதாரணப் பூச்சியா அவன் வலையைத் தாண்டிவிடும்?

சத்தம் கேட்டு மேலே வந்த தங்கப்பாண்டி வாசலிலேயே நின்றார். தட்டில் கால் நனைக்க அவருக்கு இஷ்டமில்லை. "என்னல சத்தம்? கூண்டு போட்டுக் குடுத்த கம்பெனிக்காரன ஒரு வார்த்த கேக்க வேண்டியதுதான?"

"அவனுங்களுக்குப் பைப் விக்கத்தான்ப்பா தெரியும். இது வேற லெவல் பிரச்சினை."

சண்டை தொடங்கியது. பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டுக் கொல்வது என்று முடிவாயிற்று. ஆன்றோ ஒரு பக்கம், ராஜாத்தி ஒரு பக்கம். பெரிய ஜந்துகள் இலைக்கு இலை ஓடின. ஆன்றோ விரட்டி விரட்டிக் கொன்றான். தக்காளிக் கொடியில் ஏறியவற்றை நாற்காலி போட்டு ஏறிக் கொன்றான்.

"பொம்மையாட்டம் கீது சார். பாவமாக் கீது" என்றாள் ராஜாத்தி.

"இன்னிக்குப் பாவம் பாத்தா நாளைக்கு இந்தத் திருவொற்றியூர்லயே ஒரு செடி இருக்காது. கொல்லு."

மாலைக்குள் குடிலில் ஓடுகிற பூச்சி ஒன்றுகூட இல்லை. ஆன்றோ கோட்டைக் கழற்றி உதறி மாட்டிவிட்டு, போரில் ஜெயித்த தளபதி மாதிரி கீழே இறங்கி, கடைப் பையன்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான்.

நிம்மதி சில நாள் நீடித்தது.

அதற்குப் பிறகு இலைக் காம்பு இடுக்குகளில் யாரோ கோலமாவைத் தூவிவிட்டுப் போனது மாதிரி இருந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தான். பொடிப்பொடியாக வெள்ளைப் பூச்சிகள். ஓடவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து சாறு குடித்துக்கொண்டிருந்தன. இலையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிற்று. பிசுபிசுப்பைத் தேடி, கீழ்த்தளத்திலிருந்து சுவர் வழியாகக் கட்டெறும்பு சாரிசாரியாக ஏறிக்கொண்டிருந்தது. எறும்புகளும் தட்டில் கால் நனைக்கவில்லை.

"பெருசுங்களோட குட்டிங்க" என்றான் ஆன்றோ.

"ஆத்தாவக் கொன்னா புள்ளைங்க சும்மா வுடுமா சார்?"

ஆன்றோ வேப்பெண்ணெயை எடுத்தான். வேப்பெண்ணெய் விஷமில்லை, நோயலும் ஒன்றும் சொல்ல முடியாது. அது தண்ணீரில் கலப்பதற்காகப் பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலையும் எடுத்தான். டப்பாவில் அளவு போட்டிருந்தது. "அது நம்ம ஊர்ப் பூச்சிக்கு" என்று சொல்லி நாலு மடங்கு ஊற்றினான். வெயில் தணிந்தபின் அடிக்க வேண்டும் என்றும் போட்டிருந்தது. அதற்குள் குட்டிகள் குட்டி போட்டுவிடும் என்று உச்சி வெயிலில் அடித்தான்.

வாடை முதலில் கீழே இறங்கியது. கம்பி வாங்க வந்த ஒரு மேஸ்திரி மூக்கை உறிஞ்சி, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"அண்ணாச்சி, மேல யாருக்காவது அம்மை போட்டிருக்குதா?"

"எம்மவனுக்குப் பித்து பிடிச்சிருக்கு. அம்மை இல்ல, நீரு செருப்பப் போடும்" என்றார் தங்கப்பாண்டி.

மறுநாள் காலை இத்தாலித் துளசி இலைகள் ஓரம் கருகி, கருவாடு மாதிரி சுருண்டிருந்தன. தக்காளி இலைகளில் சூடு வைத்த மாதிரி தழும்பு. அந்தத் தழும்புகளுக்கு நடுவிலும் வெள்ளைப் பூச்சிகள் சுகமாக உட்கார்ந்திருந்தன. எறும்புகள் அவற்றைப் பேறுகாலப் பெண்களைத் தாங்குவது மாதிரி தாங்கிக்கொண்டிருந்தன.

"எறும்புதான் காவல் காக்குது. அதை நிறுத்துனா இது செத்துடும்" என்று ஆன்றோ கீழே போய்க் கடையிலிருந்து கிரீஸ் டின்னைத் தூக்கி வந்தான். குழாய்களைத் தாங்கும் கால்களில் எல்லாம் பட்டை பட்டையாகப் பூசினான். எறும்பு நின்றதென்னவோ உண்மை. ஆனால் பூசி முடிப்பதற்குள் கால்களில் இருந்த கிரீஸ் கோட்டுக்கும், கோட்டிலிருந்து இலைக்கும், இலையிலிருந்து ராஜாத்தியின் சேலைக்கும் போயிற்று.

"மஞ்சா சேலை கட்டாதன்னு சொன்ன. சிவப்புல வந்தேன். இப்ப கருப்பாச்சு. இன்னும் இன்னா கலர் பாக்கி வச்சிருக்க சார்?"

அவன் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. பம்பின் சுவிட்சைப் போட்டிருந்தான். போட்ட கொஞ்ச நேரத்தில் குழாய்கள் கனைத்தன.

முந்தின நாள் அடித்த சோப்புக் கரைசலெல்லாம் இலையிலிருந்து வழிந்து, குழாயில் இறங்கி, சத்துத் தண்ணீர்த் தொட்டியில் போய்ச் சேர்ந்திருந்தது. பம்பு அதை நன்றாகக் கடைந்தது. முதலில் ஒரு துளையிலிருந்து வெள்ளை நுரை எட்டிப் பார்த்தது. அடுத்து எல்லாத் துளையிலிருந்தும். செடிகள் நுரைக்குள் மறைந்தன. நுரை தரையில் இறங்கி, வலையைத் தாண்டி, கைப்பிடிச் சுவர் ஓட்டை வழியாகக் கீழே சாவகாசமாக விழுந்தது.

கீழே தங்கப்பாண்டி வெள்ளைச் சட்டையில் நின்று போனில், "நம்ம கம்பில ஒரு பொட்டுத் துரு இருக்காது, நம்பி எடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நுரை முதலில் அவர் வழுக்கையில் விழுந்தது. பிறகு கம்பிகள்மேல்.

"ஏல ஆன்றோ!"

அந்தக் குரல் சந்தையின் மறுகோடி வரைக்கும் கேட்டது. ஆன்றோ பதறிப்போய்ப் பம்பை நிறுத்தினான். நிறுத்தியவன், தொட்டியைக் காலி செய்து, கழுவி, கீழே கம்பிகளைத் துணியால் துடைத்து, அப்பாவிடம் திட்டு வாங்கி முடிப்பதற்குள் சூரியன் நடு உச்சிக்கு வந்துவிட்டது. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே, குழாய்களில் தேங்கிய தண்ணீரில், வேர்கள் வெந்துகொண்டிருந்தன.

அடுத்தடுத்த நாட்களில் வேர்கள் பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து கையோடு வந்தன. வேப்பெண்ணெய் வாடை போய், பக்கிங்காம் கால்வாய் வாடை வந்தது. பிசுபிசுத்த இலைகளில் கரும்பூசணம் படர்ந்தது. கீரையின் பச்சை நிறத்தைப் பார்க்க வேண்டும் என்றால் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரப் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமையும் வந்தது.

"ராஜாத்தி, தேரடிக்குப் போய்க் கீரை வாங்கிட்டு வா" என்றான் ஆன்றோ, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"கீரையா? எந்தக் கீரை?"

"எது பச்சையா இருக்கோ அது."

"ரோட்ல விக்கறதா? சாக்கடைத் தண்ணின்னு சொல்வியே சார்?"

"போன்னா போ."

அவள் ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்தாள். அரைக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லி, கொஞ்சம் புதினா. செத்துப்போன செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முன்வரிசைத் துளைகளிலெல்லாம் இருவருமாகச் செருகினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பிரமாதமாகத்தான் இருந்தது.

நோயல் தூரத்திலிருந்து பார்க்கிற ஆள் இல்லை. வந்தார், தட்டில் காலை நனைத்தார், நேராக முன்வரிசைக்குப் போனார்.

"இத்தாலித் துளசின்னு சொன்னீங்க?"

"இது அதுலயே இன்னொரு ரகம் சார்."

நோயல் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டார். மென்றார். "சிறுகீரை மாதிரி இருக்கு."

"முதல்ல அப்படி இருக்கும். போகப் போகத் தெரியும்."

நோயல் செடியின் அடியைப் பிடித்து மெல்லத் தூக்கினார். ஒரு செடிக்குப் பதில் ஒரு கட்டே மேலே வந்தது. சுற்றிலும் வாழைநார். வேரிலிருந்து ஈர மண் பொத்தென்று அவர் பளபளத்த ஷூமேல் விழுந்தது.

நோயல் குனிந்து ஷூவைப் பார்த்தார்.

"மண்ணில்லா விவசாயம்னு போர்டு பார்த்தேன்" என்றார் நோயல். "இது என்ன?"

ஆன்றோ பூதக்கண்ணாடியைத் தூக்கி அந்த மண்ணைப் பார்த்தான். "நுண்ணூட்டம் சார்."

"இந்த வாழைநார்?"

"செடிக்கு... ஒரு சப்போர்ட்டுக்கு."

அந்த நேரம் பார்த்து, நுண்ணூட்டத்திலிருந்து ஒரு மண்புழு நெளிந்து வெளியே வந்தது. நோயல் அதைப் பார்த்தார். ஆன்றோ கூரையைப் பார்த்தான். ராஜாத்தி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

நோயல் பதறவில்லை, திட்டவும் இல்லை. கட்டைத் திரும்பத் துளையிலேயே ஒழுங்காக வைத்தார். வாசலில் தட்டைப் பார்த்து நின்று, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போகும்போதும் கால் கழுவணுமா தம்பி? எனக்கென்னவோ வெளியே போறவங்கதான் கண்டிப்பாக் கழுவணும்னு தோணுது."

கார் கிளம்பிப் போன சத்தம் அடங்கியதும் தங்கப்பாண்டி மேலே வந்தார். இந்தத் தடவை தட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார். கருகிய வரிசைகளை ஒரு சுற்றுச் சுற்றினார். வாழைநார்க் கட்டை எடுத்துப் பார்த்தார்.

"ஒங்கம்மைட்ட குடு. ராத்திரிக்குக் கடையட்டும்" என்றார். பிறகு, "திங்கக்கெழம கம்பி ஏத்துதேன்."

ஆன்றோ குப்புறக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டான். வாய்ப்பேச்செல்லாம் போய், முதல்முறையாக அவனுக்கு அழுகை வந்தது. கடையில் கம்பியை யாரோ உருக்கினார்கள், யாரோ கொண்டுவந்தார்கள், அவன் எடுத்து விற்றான். இந்த மாடியில்தான் அவன் வைத்தது ஒன்று முளைத்து, இலை விட்டது. முதல் இலையைப் போட்டோ எடுத்து எத்தனை பேருக்கு அனுப்பினான்! யாரும் பதில் போடாததுகூட அன்று அவனுக்கு உறைக்கவில்லை.

மகன் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்த தங்கப்பாண்டிக்கு மனசு கேட்கவில்லை.

"இப்பமாவது அந்தக் கம்பெனிக்காரன ஒரு வார்த்த கேளேம்ல. கேட்டா கொறஞ்சா போவ?"

ஆன்றோ போனை எடுத்தான். மறுமுனையில் இருந்த பெண், அவர்களுடைய பூச்சி ஆள் அன்று திருவொற்றியூர்ப் பக்கம்தான் இருப்பதாகவும், உடனே அனுப்பி வைப்பதாகவும் சொன்னாள். சொன்னபடியே, டீ ஆறுவதற்குள் ஹபீபுல்லா என்ற அந்த ஆள் தோளில் ஒரு குளிர்ப்பெட்டியோடு படியேறி வந்தார். யாரும் சொல்லாமலே தட்டில் காலை நனைத்தார். வலைக் கதவின் மேல் தாழ்ப்பாளை எங்கே என்று தேடாமலே திறந்தார்.

அவரைப் பார்த்ததும் ராஜாத்தி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய்விட்டாள்.

"உங்களுக்கு இது புதுசா இருக்கும்" என்று ஆன்றோ கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான். இவ்வளவுக்குப் பிறகும் விளக்கம் சொல்கிற பழக்கம் போகவில்லை. "இது சாதாரண மாவுப்பூச்சி இல்ல. பெரிய ரகம் ஒண்ணு கப்பல்ல வந்திருக்கு. அதையெல்லாம் நான் பாத்துக்கிட்டேன். இந்தக் குட்டிங்களுக்கு மட்டும் நீங்க ஒரு வழி சொன்னாப் போதும்."

ஹபீபுல்லா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து ஆன்றோவின் கையில் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த செடிகளின் இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"தொறந்து பாருங்க சார், பயப்படாதீங்க. பாக்கத்தான் மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். ஆனா மாவுப்பூச்சியத்தான் திங்கும். ஒரு வண்டோட குட்டிங்க. நல்லா ஓடியாடி வேல பாக்கும்."

ஆன்றோ மூடியைத் திறந்தான். அரிசி நீளத்துக்கு, உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சுத் திரி தொங்க, டப்பாவுக்குள் அவை சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தன. மூடி அவன் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

கடைசி இலையையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஹபீபுல்லா குழப்பத்தோடு நிமிர்ந்தார்.

"நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப நான் சர்வீஸுக்கு வந்து இதே மாதிரி ஒரு டப்பா புல்லா உட்டுட்டுப் போனேனே சார், எங்க, ஒண்ணத்தையும் காணோம்?"